காலுக்கு வந்த வசனம்

அக்டோபர் 17, வியாழக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்தேன். வேதத்தில் ஒரு சங்கீதம் வாசித்தேன். அன்றைக்குப் போக வேண்டிய நான்கு வீடுகளை வரிசையாக எழுதிக்கொண்டேன். பையில் வேதப்புத்தகம், குறிப்பேடு, குடை, தண்ணீர் பாட்டில், முழங்காலுக்குத் தைலம். தஞ்சாவூரிலிருந்து எட்டு பத்துக்கு எடுக்க வேண்டிய ஒரத்தநாடு பஸ் எட்டு இருபத்திரண்டுக்கு எடுத்தது. உட்கார இடம் கிடைத்தது.

இவ்வளவும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்றைக்கு நான் செய்த தவறும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. எழுதும்போது அது தவறு என்று எனக்குத் தெரியவில்லை.

நம் சபைச் சேகரத்தில் புதிதாகப் பைபிள் உமன் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி போதகர் கேட்டார். "உற்சாகமா எழுதுங்கம்மா, பிள்ளைங்க பயந்துடக் கூடாது" என்றார். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்தைந்து வயதிலேயே விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது. உற்சாகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்த பிறகு, நடந்ததை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நம் வேலை என்ன என்று கேட்டால் சபையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: திடப்படுத்துவது. நோயாளி வீடு, துக்க வீடு, பரீட்சையில் தோற்ற பிள்ளை இருக்கும் வீடு. போய் உட்கார வேண்டும், கேட்க வேண்டும், நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும், ஜெபித்துவிட்டு வர வேண்டும். வேறு கருவி எதுவும் நமக்குக் கிடையாது. நர்ஸிடம் ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கத்தி இருக்கிறது. நம்மிடம் வாய்தான் இருக்கிறது. ஒரு நாளில் நான்கு வீடுகள் என்றால், நான்காவது வீட்டுக்குப் போகும்போது அந்த வாயும் காய்ந்து போயிருக்கும்.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்த அம்மா, முதல் வாரத்திலேயே இதைப் பற்றி எச்சரித்தார். "நாலாவது வீட்டுல உனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது. அப்பப் பேசாத. ஒரு சொம்பு தண்ணி கேட்டு வாங்கிக் குடி. அவங்களே பேசுவாங்க" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன். பிறகு மறந்துபோனேன்.

அக்டோபர் 17 அன்று நான்காவது வீடு தேவசகாயம் அண்ணன் வீடு.

ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நெல் போடுகிறவர். நீரிழிவு உண்டு. சம்பா நடவுக்கு வயலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது சேற்றில் கிடந்த நத்தை ஓடு வலது காலில் குத்தியிருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் அவருக்கு அது தெரியவில்லை. நடவு முடிந்து காலைக் கழுவும்போது அவர் மனைவி சௌந்தரிதான் ரத்தத்தைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன.

நான் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த பெயின்ட் வாளியின்மேல் காலை வைத்திருந்தார்.

"வாங்க பைபிள்காரம்மா. காலை நீட்டிக்கிட்டே ஸ்தோத்திரம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க."

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"ரெண்டு விரலை எடுக்கணுமாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. ஏதோ கத்திரிக்காய்க் காம்பை நறுக்குற மாதிரி சொல்றாரு."

"மாத்திரை போடு, மாத்திரை போடுன்னு மூணு வருஷமா கத்துனேன்" என்றாள் சௌந்தரி உள்ளேயிருந்து. "அப்பக் கேட்டிருந்தா இப்ப அவரு ஏன் கத்தியைத் தூக்குறாரு?"

"ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரு, வீட்டுல ஒரு டாக்டரு" என்றார் என்னைப் பார்த்து. சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டை விரலும் பக்கத்து விரலும் போயிட்டா சேத்துல நிக்க முடியுமா பைபிள்காரம்மா? வரப்புல வழுக்குனா கட்டை விரல்தானே புடிக்கும்?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். மூன்று வீடுகளில் பேசிவிட்டு வந்திருந்தேன், மூன்றாவது வீட்டில் ஒரு தாய் அழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் கேள்விக்குப் பிறகு வந்த அமைதியைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. சுவரைப் பார்த்தேன். காலண்டருக்குக் கீழே ஒரு வாக்குத்தத்த அட்டை செருகியிருந்தது.

உங்களுக்குத் தெரியும், புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கு ஒரு அட்டை எடுப்பார்கள், அந்த வருடத்துக்கு அவரவருக்கு ஒரு வசனம். வர முடியாதவர்களுக்கு அட்டைப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோவோம். ஜனவரியில் அண்ணன் காய்ச்சலில் கிடந்தார், பெட்டியை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். அவர் எடுத்த அட்டையில் இருந்தது, கர்த்தர் நம் கால் தள்ளாடாதபடி காப்பார் என்ற கருத்துள்ள வசனம்.

"இதோ பாருங்கண்ணே!" என்றேன். "இந்த வருஷம் உங்களுக்கு வந்த வசனமே காலுக்குத்தான். சும்மாவா வந்திருக்கும்? கர்த்தர் உங்க விரலைக்கூட விடமாட்டார்."

அவர் திரும்பி அட்டையைப் பார்த்தார். ஜனவரியிலிருந்து அங்கேதான் இருந்தது, அன்றைக்குத்தான் பார்த்தார். முகம் மாறியது. "ஆமால்ல" என்றார். "சௌந்தரி, இங்க வா. இதைப் படி."

என் குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு: தேதி, வீடு, நிலைமை, சொன்ன வசனம், பலன். கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: முகம் மலர்ந்தது. திரும்பும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. அன்றைக்குப் போதகருக்கு வேறு ஊர்க் கோயிலில் ஆராதனை. எங்கள் கோயிலில் சபை மூப்பர் நடத்தினார். சபையார் எழுந்து பேசும் சாட்சி நேரத்தில் தேவசகாயம் அண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் அந்த அட்டை.

"நாளைக்கு விரலை எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. நான் போகப் போறதில்ல. எனக்கு வாக்கு கிடைச்சிருக்கு. பைபிள்காரம்மா வீட்டுக்கே வந்து சொன்னாங்க."

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. சௌந்தரி சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் "ஸ்தோத்திரம்" என்றேன்.

இதை உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை சொன்னதைக் களைப்பின் கணக்கில் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை நான் களைத்திருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்து, "அண்ணே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஊரே கேட்க விசுவாசத்தோடு பேசிய மனிதரிடம் போய், அவ்வளவு விசுவாசம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 24, வியாழன். குறிப்பேட்டில் இருப்பது: "மழை. தேவசகாயம் வீட்டுக்குப் போகவில்லை." மழை பத்து மணிக்கே விட்டுவிட்டது. அதை நான் எழுதவில்லை.

அக்டோபர் 28, திங்கள். திங்கட்கிழமைகளில் நான் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போவது வழக்கம். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். நாகூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். எப்போதும் "வாங்கம்மா, யாருக்கு ஜெபம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அம்மா, இங்க வாங்க. கையில அட்டையோட ஒருத்தர் வர்றாரே, உங்க ஆளுதானா?"

"தேவசகாயமா?"

"இப்பதான் போனாரு. கட்டுப் போட விட்டாரு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. ஆண்டவர் வாக்குக் குடுத்திருக்காரு, பைபிள்காரம்மா சாட்சிங்கிறாரு." கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். "விரல்ங்கிற பேச்சே இப்ப இல்லம்மா. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. நாளைக்கும் தள்ளிப் போட்டா ஆளே இருக்க மாட்டாரு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க வீட்டுலயும் தர்காவுல வேண்டிக்குவாங்கம்மா" என்றாள். "வேண்டிக்கிட்டு, அப்புறம் ஆபரேஷனுக்கும் வருவாங்க. டாக்டர் சொல்லிட்டாரு, நான் சொல்லிட்டேன். அவருக்கு ஏறல. நீங்க சொன்னதை நீங்கதான் போய் வாபஸ் வாங்கணும்."

பன்னிரண்டு நாற்பது பஸ். மழை பிடித்துக்கொண்டது. வழியில் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவரிடம் சொல்லக்கூடிய வசனங்களை எழுதினேன். ஏழு கிடைத்தன. ஏழில் எதை எடுத்தாலும், முதலில் சொன்ன வசனத்தை இன்னொரு வசனத்தால் அடிக்கிற மாதிரிதான் இருந்தது. இன்னொரு வழியும் தோன்றியது, அதுதான் சுலபம்: "நான் அப்படிச் சொல்லலைண்ணே, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க." இறங்கும்வரை அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதைச் சொன்னால் என் பெயர் தப்பித்துவிடும். அவர் நம்பவும்கூடும்.

வாசற்படியிலேயே புண்ணின் நாற்றம் வந்தது. ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள், அதையும் மீறி வந்தது. அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். காய்ச்சலில் கண் பளபளத்தது. அட்டை தலையணைக்கு அடியிலிருந்து பாதி தெரிந்தது.

"சௌந்தரி, குடிக்கத் தண்ணி குடும்மா" என்றேன்.

குடித்தேன். சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேண்ணே. காலை எடுக்கணும்கிறாங்க. எடுத்துடுங்க."

என்னையே பார்த்தார். "நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

"அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, விரலைக்கூட விடமாட்டாருன்னு?"

"சொன்னேன்."

"அப்ப கர்த்தர் பொய்யா? நீங்க பொய்யா?"

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை சத்தம். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"நான்தாண்ணே பொய்" என்றேன். "அந்த வசனம் உங்க விரலைப் பத்தி எழுதினதில்ல. சேத்துல நிக்க முடியுமான்னு கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சுவத்துல இருந்ததை எடுத்து உங்க காலுல கட்டிவிட்டுட்டேன்."

சௌந்தரி கதவோரம் நின்றிருந்தாள். "இதை அந்த ஞாயித்துக்கிழமை சொல்லியிருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்க்கா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றேன்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியும், எதிரே கடிகாரம் இருந்தது: பதினாறு நிமிடம். நான் எழுந்திருக்கவில்லை, ஜெபிக்கவும் இல்லை. அந்த வேலையில் நான் செய்த பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்தப் பதினாறு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்வேன்.

பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "காலு போயிட்டா சேத்துல நிக்க முடியுமா?"

"முடியாதுன்னுதான் நினைக்கிறேண்ணே."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர. தியேட்டர் வாசல்வரைக்கும் வருவேன். நீங்க கண்ணு முழிக்கிறப்பவும் இருப்பேன்."

"ஜெபம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன். காலைக் கேட்டுப் பண்ண மாட்டேன்."

"பின்ன எதைக் கேட்டு?"

"உங்களுக்குப் பயமா இருக்குல்லண்ணே. அதுக்கு."

திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தபடியே விட்டுவிட்டார். கொஞ்சம் கழித்து, "சௌந்தரி, அந்த வெள்ளைச் சட்டை காஞ்சிருச்சா?" என்றார்.

ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. ஏறும்போது, "ஏறுறதுக்கு எவ்வளவு ஆர்ப்பாட்டம், திரும்பி வந்து இறங்குறப்ப பாரம் குறைஞ்சிருக்கும்" என்று அவரே சொன்னார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்டோபர் 29, செவ்வாய். காலை பத்தே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிற்பகல் மூன்று ஐந்துக்குக் கண்ணைத் திறந்தார்.

"போயிருச்சா?"

எனக்குள் பழைய வாய் ஒன்று உடனே அசைந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கர்த்தர் பெரிய காரியம் செய்தார் என்று ஆரம்பிக்கும் வாய். அடக்கிக்கொண்டேன்.

"போயிருச்சுண்ணே. முழங்கால் இருக்கு. அதுக்குக் கீழ எடுத்திருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டார். சௌந்தரி அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, என்னைக் கூப்பிட்டார். "நாலு நாளா மழை. வயலு எப்படியிருக்குன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு, நீங்க கவலைப்படாதீங்கங்கிறாங்க. அப்படிச் சொன்னாலே ஏதோ மறைக்கிறாங்கன்னு தோணுது. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. உள்ளபடி சொல்லுங்க."

"எனக்குப் பயிரைப் பத்தி என்னண்ணே தெரியும்?"

"தெரிய வேணாம். பாத்ததைச் சொன்னாப் போதும். நேத்து சொன்ன மாதிரி."

அன்றைக்குப் பிறகு ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். குறிப்பேட்டில் "பலன்" என்ற கட்டத்தை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் "அவர் கேட்டது" என்று எழுதினேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன், உங்கள் குறிப்பேடு உங்கள் பாடு. ஆனால் வருடக் கடைசியில் புரட்டிப் பார்த்தபோது, அவர்கள் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லாத பக்கங்கள் அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்து, அன்றைக்கு முழுவதும் நான் யார் வீட்டுக்கும் போகவில்லை.

வசனம் சொல்லாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் இப்போதும் வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். ஆனால் அதை இன்னொருவர் உடம்பில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கர்த்தர் பேரில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம். அந்த வார்த்தையோடு அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

தேவசகாயம் அண்ணன் இருக்கிறார். பொய்க்கால் வைத்திருக்கிறார், அது சேற்றுக்கு ஆகாது. வயலைத் தம்பி மகன் பார்க்கிறான், இவர் வரப்பு முனையில் நாற்காலி போட்டுக்கொண்டு அவனைத் திட்டுகிறார். சாட்சி சொல்ல அதன் பிறகு அவர் எழுந்ததில்லை. சௌந்தரி என்னோடு பேசுகிறாள், முன்போல இல்லை. அடுத்த புத்தாண்டில் அண்ணனிடம் அட்டைப் பெட்டியை நீட்டினேன். ஒன்றை எடுத்து, பார்க்காமலேயே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "கை, காலு ஏதாச்சும் இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வயலை எப்போது பார்த்தேன் என்று இன்னும் உங்களுக்கு எழுதவில்லை.

அக்டோபர் 30, புதன். விடிந்ததும் முதல் வேலை அதுதான். ஐந்து நாற்பது பஸ்ஸில் போய் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பில் நடந்தேன். இரண்டு இடத்தில் வழுக்கியது. கட்டை விரல்தான் பிடித்தது. மழை விட்டிருந்தது. வயலை நான்கு பக்கமும் சுற்றி வந்தேன், குடையைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்த்தேன். பிறகு வரப்பிலேயே நின்று, அவரிடம் போய்ச் சொல்வதற்காக எழுதிக்கொண்டேன்:

"தென்கிழக்கு மூலையில் தண்ணீர் நிற்கிறது. ஒரு முழம் ஆழம். அங்கே பயிரின் நுனி மட்டும் தெரிகிறது, மஞ்சள். வடிகால் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது. மீதி முக்கால் வயல் பச்சை."